பேட்டர்சி பூங்காவில் அப்படி என்னதான் இருக்கிறது?

திருச்சிக்காரன் (சனி, இரவு 9.40)

லண்டனுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெறப்போகும் பெரியவர் ஒருவர், "பிள்ளைகளை பேட்டர்சி பார்க்குக்குக் கூட்டிப் போ. சின்ன வயதில் நாங்கள் அங்கேயேதான் கிடப்போம். ராட்டினம், ரோலர் கோஸ்டர் எல்லாம் உண்டு" என்று சொன்னார். நானும் வேறெதையும் விசாரிக்காமல் பிள்ளைகளிடம் ரோலர் கோஸ்டர் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

இன்று போனோம். புல்வெளி, மரம், ஏரி, ஓடுகிறவர்கள், நாய்கள். திரும்பவும் புல்வெளி. ரோலர் கோஸ்டர் எங்கே என்று மூத்தவன் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே வந்தான். சின்னவள் கேட்கவில்லை, நேராக அழுகைதான். உள்ளே ஒரு குட்டி விலங்குக் காட்சியகம் இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம். ஐந்து பேருக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அம்மா ஆற்றைப் பார்த்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "என்னடா, பாதி ஆறு சேறாத்தானே கிடக்கு" என்றார்கள். அதோடு சரி.

நாங்கள் எதையாவது பார்க்காமல் விட்டுவிட்டோமா? இல்லை, இந்தப் பூங்காவே இவ்வளவுதானா?

சும்மா ஒரு ஆள்

பூங்காவுக்குள்ளே பூங்கா இருந்தது என்று ஒரு புகார். இந்த மன்றத்தில் இதுவரை வராத வகை.

டூட்டிங் வாசி

தம்பி, பிழை உங்களில் இல்லை, அந்தப் பெரியவரிலும் இல்லை. அவர் சொன்னது உண்மைதான், ஐம்பது வருஷம் பிந்திச் சொல்லிப்போட்டார். நான் 1991இல் இங்கு வந்தபோதே அதெல்லாம் போய்விட்டது. எங்கட வீட்டுக்கு எதிரில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி அந்த ராட்டினங்களைப் பற்றியே கதைத்துக்கொண்டிருப்பா.

ஆறு சேறாகக் கிடந்ததற்குக் காரணம் நேரம். தேம்ஸ் லண்டனுக்குள் வரும்போது கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற ஆறு. ஒரு நாளைக்கு இரண்டு தரம் பெருகும், இரண்டு தரம் வற்றும். வற்றின நேரம் கரைச் சுவரின் கீழ் பாசி படிந்த கல்லும் களிமண்ணும்தான் தெரியும். ஆறு மணித்தியாலம் கழித்து அதே பெஞ்சில் அம்மாவை இருத்தியிருந்தால் சுவரின் பாதி வரை தண்ணீர் நின்றிருக்கும். ஆற்றுப் பக்கம் போவதென்றால் நான் முதலில் பெருக்கு நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் சப்பாத்துப் போடுவேன்.

பழைய பேப்பர்

அந்தப் பெரியவருக்கு என் சார்பில் ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள். அவர் சொன்னது திருவிழாத் தோட்டம். 1951இல் போருக்குப் பின் நாட்டுக்குக் கொஞ்சம் தெம்பு கொடுக்க 'பிரிட்டன் திருவிழா' நடத்தினார்கள். முக்கியக் கண்காட்சி தென்கரையில், வாட்டர்லூ பக்கம். கேளிக்கைக்கு ஒதுக்கிய இடம் பேட்டர்சி பூங்கா. ரேஷன் முழுதாக விலகாத காலம் அது. சாயம் போன ஊருக்கு நடுவில் நீரூற்று, வண்ண விளக்கு, மரக்கிளைகளுக்கு இடையே தொங்கும் நடைபாதை, பொம்மைகள் வெளியே வந்து ஆடும், கின்னஸ் பீர் கம்பெனியின் கடிகாரம், கார்ட்டூன் வரைபவரான ரோலண்ட் எமெட் கிறுக்குத்தனமாக வடிவமைத்த ஒரு குட்டி ரயில். திருவிழா முடிந்த பிறகும் ராட்டினங்கள் போகவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தன.

1972 மே 30. 'பிக் டிப்பர்' என்ற மர ரோலர் கோஸ்டரில், ஏற்றத்தில் இழுபட்டுப் போன வண்டி கயிற்றிலிருந்து கழன்றது. பின்னால் உருளாமல் தடுக்க வேண்டிய பிரேக் பிடிக்கவில்லை. வண்டி வந்த வழியே பின்னோக்கி ஓடி, கடைசிப் பெட்டி தடம் புரண்டது. ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். அதற்கப்புறம் கூட்டம் குறைந்தது, 1974இல் கேளிக்கைப் பூங்காவையே மூடிவிட்டார்கள்.

உங்கள் மகன் தேடின ரோலர் கோஸ்டர் அதுதான்.

திருச்சிக்காரன்

ஐயோ. இதை அவனிடம் எப்படிச் சொல்வது? பெரியவரும் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பழைய பேப்பர்

சொல்ல மாட்டார்கள். அந்த வயதுக்காரர்கள் நிறைய பேருக்கு அந்த ராட்டினத்தில் ஏறிய ஞாபகம் இருக்கிறது. நான் பேசியவர்களில் பாதிப்பேர் பஞ்சுமிட்டாயோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இன்னொன்று. 1951இல்தான் அங்கே கேளிக்கை முளைத்தது என்று நினைக்காதீர்கள். அந்தப் பூங்கா உருவானதே கேளிக்கையை விரட்டத்தான். அதற்கு முன் அது பேட்டர்சி வயல்வெளி. தாழ்வான நிலம், ஆறு பெருகினால் சதுப்பு. காய்கறித் தோட்டங்களும் ஆற்றோரம் 'சிவப்பு வீடு' என்ற சாராயக்கடையும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கழுதைப் பந்தயம், சூதாட்டம், புறாச் சுடுதல், குடி, அடிதடி. 1829இல் பிரதமராக இருந்த வெலிங்டன் பிரபுவே வின்சில்சி பிரபுவோடு துப்பாக்கிச் சண்டைக்கு வந்து நின்றது இந்த வயலில்தான். கத்தோலிக்கருக்கு உரிமை கொடுக்கும் சட்டம் பற்றிய வாய்ச்சண்டை முற்றிப்போனது. வெலிங்டன் விலக்கிச் சுட, வின்சில்சி வானத்தைப் பார்த்துச் சுட, இருவரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். பதவியில் இருக்கும் பிரதமர்!

இந்த ரகளை பொறுக்காமல்தான் கட்டடக் காண்டிராக்டர் தாமஸ் கியூபிட்டும் ஊர்ப் பாதிரியாரும் இங்கே ஒரு பூங்கா அமைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். 1846இல் சட்டம் வந்தது. தாழ்நிலத்தை உயர்த்த மண் வேண்டுமே, அதற்குக் கிழக்கே விக்டோரியா கப்பல்துறை தோண்டியபோது வந்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். 1858இல் விக்டோரியா ராணி திறந்து வைத்தார். சுமார் 200 ஏக்கர். ஏழைபாழைகள் ஞாயிற்றுக்கிழமை குடிக்காமல் ஒழுங்காக உலாத்த வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். நூறு வருடம் கழித்து ராட்டினம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

சும்மா ஒரு ஆள்

அப்படியென்றால் திரும்பவும் வைக்க வேண்டியதுதானே? இப்போது பாதுகாப்பு எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஒரு விபத்துக்காக ஐம்பது வருடம் புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? கவுன்சிலுக்கும் நாலு காசு வரும்.

டூட்டிங் வாசி

காசுக்குத்தான் ஒருதரம் கார் ஓட்டிப் பார்த்தார்களே! 2015, 2016 இரண்டு வருஷமும் ஃபார்முலா ஈ மின்சாரக் கார்ப் பந்தயம் பூங்காவின் உள்பாதையில்தான் நடந்தது. பந்தயம் இரண்டு நாள். ஆனால் வேலி, கான்கிரீட் தடுப்பு, பார்வையாளர் மேடை எல்லாம் கட்டவும் கழற்றவும் அதைவிட எத்தனை மடங்கு நாள். பின்னேரத்தில் நடக்கப் போனால் லாரிகளுக்குள்தான் நடக்க வேண்டும். கார் சத்தம் குறைவு, உண்மை. லாரிக்கு அந்தச் சலுகை இல்லைத்தானே. அக்கம்பக்கத்தவர்கள் வழக்கு வரை போனார்கள், 2016ஓடு நின்றது.

நான் கேளிக்கைக்கு எதிரி இல்லை. நவம்பரில் அங்கே நடக்கும் வாணவேடிக்கைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவள்தான். தீபாவளியை ஒட்டி வருவதால் எங்களுக்கு இரட்டைச் சந்தோஷம். ஒருமுறை மழை பெய்து வயல் உழுத மாதிரிச் சேறு. என் சின்ன மகளின் ஒரு சப்பாத்து அதில் புதைந்து போச்சு. இருட்டில் தேடி எடுக்க முடியவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் அவள் ஒரு காலில் என் கையுறையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். ஆனால் அது ஓரிரு இரவு. அடுத்த நாள் பூங்கா பூங்காவாகிவிடும். நிரந்தரமாக ஒரு மூலையை வேலி போட்டு எடுப்பது வேறு கதை.

செம்பருத்தி

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டே இருந்தேன், இனி வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. பூங்காத் தோட்டப்பராமரிப்பு என் தொழில், இந்தப் பூங்காவில் இல்லை, வேறு இடத்தில்.

ராட்டினமா புல்லா என்று சண்டை போடுகிறீர்களே, ஏரிக்கரையில் இருக்கிற பெரிய பாறைகளைப் பார்த்தீர்களா? அடுக்கடுக்காக, அருவி விழுகிற மாதிரி இருக்குமே. அது பாறையே இல்லை. 1860களில் ஜேம்ஸ் புல்ஹம் நிறுவனம் செய்த பொய்ப்பாறை. செங்கல் உடைசலையும் கட்டடக் கழிவையும் குவித்து, மேலே அவர்களுடைய சிமெண்டுக் கலவையைப் பூசி, ஈரம் காயும் முன்பே கருவிகளால் கீறி, நிஜப் பாறையின் படிவ வரி, வெடிப்பு எல்லாம் வருமாறு செய்தார்கள். சில இடங்களில் பூச்சு உதிர்ந்து உள்ளே செங்கல் எட்டிப் பார்க்கும். நான் முதன்முதலில் அதைக் கண்டுபிடித்தபோது ஒரு மந்திரவாதியின் சட்டைக் கைக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது. அது இருப்பது வண்டல் மண், சுற்றுவட்டாரத்தில் ஒரு பாறை கிடையாது. லண்டன் கூலிக்காரக் குடும்பத்துக்கு மலைப்பிரதேசத்தைக் காட்ட வேண்டும் என்று செய்த நாடகம் அது. ரோலர் கோஸ்டர் மட்டும்தான் கேளிக்கையா என்ன?

அப்புறம் ஜான் கிப்சன். பூங்காவின் முதல் கண்காணிப்பாளர். இளைஞராக இருந்தபோது டெவன்ஷயர் பிரபுவின் தோட்டத்தில் வேலை பார்த்தார். பிரபு இவரை 1835இல் இந்தியாவுக்கு அனுப்பினார். எதற்கு? அம்ஹெர்ஸ்டியா நோபிலிஸ் என்ற பூமரத்தைக் கொண்டுவர. பர்மாவைச் சேர்ந்த மரம், சிவப்புப் பூங்கொத்து தலைகீழாகத் தொங்கும். கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் போனார், காசி மலைகளில் ஏறி ஆர்க்கிட் சேகரித்தார், 1837இல் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளோடு கப்பலில் திரும்பினார். அதே ஆள்தான் 1860களில் பேட்டர்சியில் வெப்பநாட்டுத் தோட்டம் போட்டார். பனை இனங்கள், கல்வாழை, மரப்பெரணி, அப்புறம் நம்ம வாழை. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்திருந்து கோடையில் வெளியே நட்டார்கள். பேரைச் சொல்லி அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. அப்படியொரு தோட்டம் இப்போதும் இருக்கிறது. திருச்சிக்காரர் அம்மாவிடம் "வாழை காட்டறேன் வாங்க" என்று கூப்பிட்டிருந்தால் கதையே வேறு.

திருச்சிக்காரன்

வாழையைப் பார்க்க லண்டன் வரணுமா என்று கேட்பார்கள் அக்கா. எங்கள் வீட்டுக் கொல்லையில் இருபது தார் தொங்கும்.

ஆனால் அந்தப் பாறைக் கதையை மூத்தவனிடம் சொன்னேன். "பொய்ப் பாறையா? தட்டினால் சத்தம் வருமா?" என்று கேட்டான். இரண்டாவது தடவை போகலாமா என்று அவனே கேட்டது எனக்கு ஆச்சரியம்.

செம்பருத்தி

தட்டட்டும், பெயர்த்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். அதைச் சரிசெய்வது சாதாரண வேலை இல்லை.

சும்மா ஒரு ஆள்

செடி, பாறை, ஆர்க்கிட் எல்லாம் சரி. ஆறு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் போதுமா? இலவசம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனால் விலங்குகளுக்குக் காசு, படகுக்குக் காசு, மரத்தில் தொங்கி விளையாடக் காசு, குட்டி கோல்ஃபுக்குக் காசு, காபிக்கு அநியாயக் காசு. ராட்டினம் போய்விட்டதே தவிர ராட்டினக்காரன் போகவில்லை. நான் சொன்னதும் இதுதான்.

பழைய பேப்பர்

இதில் நான் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். விலங்குக் காட்சியகமே 1951 திருவிழாவின் மிச்சம்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. காசு கொடுக்காதவனை இந்தப் பூங்கா என்றைக்கும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஏரியைச் சுற்றி நடந்தால் ஹென்றி மூர் செதுக்கிய மூன்று கற்பெண்கள் நிற்பார்கள். 1948இல் லண்டனின் முதல் திறந்தவெளிச் சிற்பக் கண்காட்சி இங்கேதான் நடந்தது. அப்போது வந்தவர்கள் அவர்கள், போகவே இல்லை. கொஞ்சம் தள்ளி பார்பரா ஹெப்வொர்த்தின் வெண்கலம், நடுவில் ஒரு வட்ட ஓட்டையோடு. உலகத்தில் எந்த அருங்காட்சியகமும் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் சரக்கு, இங்கே அணில் ஏறி விளையாடுகிறது. 1864 ஜனவரியில் கால்பந்துச் சங்கத்தின் புது விதிகளின்படி ஒரு ஆட்டத்தை ஆடிக் காட்டியதும் இந்தப் புல்வெளியில்தான். 1890களில் ஹைட் பார்க்கில் சைக்கிளுக்குத் தடை இருந்தபோது பணக்காரப் பெண்களெல்லாம் ஆற்றைத் தாண்டி வந்து இங்கே சைக்கிள் பழகினார்கள். எல்லாமே சும்மா கிடைத்தது.

சும்மா ஒரு ஆள்

கற்பெண்களைப் பார்த்தால் சின்னவள் இன்னும் சத்தமாக அழுவாள். ஆனால் அந்த சைக்கிள் விஷயம் நல்லா இருக்கு, ஒத்துக்கொள்கிறேன்.

டூட்டிங் வாசி

சின்னவளுக்கு நாய் பிடிக்குமா? பூங்காவின் மரங்களடர்ந்த பக்கத்து நடைபாதையில் ஒரு பழுப்பு நாய்ச் சிலை இருக்கிறது. பெரிய சண்டைக்காரச் சிலை. பரிசோதனைக் கூடத்தில் உயிரோடு அறுக்கப்பட்ட ஒரு நாயின் நினைவாக 1906இல் பேட்டர்சியில் வேறொரு இடத்தில் முதல் சிலையை வைத்தார்கள். மருத்துவ மாணவர்கள் அதை உடைக்க வந்து, 1907இல் லண்டன் தெருக்களில் கலவரமே நடந்தது. சிலைக்குப் பொலிஸ் காவல்! கடைசியில் 1910இல் ஒரு இரவில் கவுன்சிலே அதைக் கழற்றி எடுத்துப்போட்டது. இப்போது பூங்காவில் இருப்பது 1985இல் வைத்த புதுசு. பிள்ளைக்கு அறுத்த கதையெல்லாம் சொல்லத் தேவையில்லை, தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும்.

அம்மாவுக்கு என்றால் ஆற்றோரப் புத்த கோபுரம். நீங்கள் அதைக் கவனிக்காமல் வந்திருக்க முடியாது.

திருச்சிக்காரன்

தூரத்தில் பார்த்தேன். ஏதோ சீன உணவகம் என்று நினைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள்.

டூட்டிங் வாசி

சிரிக்காமல் என்ன செய்ய. அது சமாதானக் கோபுரம் தம்பி. நிப்போன்சான் மியோஹோஜி என்ற ஜப்பானியப் புத்தத் துறவிகள் கட்டியது, 1985இல் திறந்தார்கள். 33 மீட்டர் உயரம் வரும். நாலு பக்கமும் தங்க முலாம் பூசின புத்தர்: பிறப்பு, ஞானம், உபதேசம், இறப்பு. அவர்களின் குரு நிச்சிதத்சு ஃபூஜி 1930களில் வார்தாவுக்குப் போய்க் காந்தியோடு இருந்தவர். ஹிரோஷிமாவுக்குப் பிறகு ஊர் ஊராக இந்தக் கோபுரங்களைக் கட்டப் புறப்பட்டார். இது திறக்கச் சில மாதம் முன்பு, நூறு வயதுக்கு ஒரு வயது குறைய, போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் அங்கே போகத் தொடங்கினது வேறு காரணத்துக்கு. 2009இல் வீட்டில் ரேடியோவும் போனும் ஓயாமல் செய்தி சொல்லிக்கொண்டிருந்த மாதங்களில் எனக்கு உட்கார ஓரிடம் தேவைப்பட்டது. காற்றடித்தால் மேலே தொங்கும் மணிகள் கிணுகிணு என்னும். புத்தர் சிலைக்கு முன்னால் இருக்க எங்களில் சிலருக்கு அந்நேரம் மனம் வராது, எனக்கும் வரவில்லை. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து இருப்பேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

சும்மா ஒரு ஆள்

அக்கா. சரி. ராட்டினம் வேண்டாம்.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஃபார்முலா ஈ பற்றித் தனிச்செய்தியில் சண்டை போடும் இருவரும் அங்கேயே தொடரவும்.

திருச்சிக்காரன் (மூன்று வாரம் கழித்து)

போய் வந்தோம். டூட்டிங் அக்கா சொன்னபடி பெருக்கு நேரம் பார்த்துக்கொண்டு, விக்டோரியாவிலிருந்து ஒரே ஸ்டேஷன், பேட்டர்சி பார்க்கில் இறங்கினோம்.

பாறையைத் தட்டினோம். மூத்தவன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ளே செங்கல் இருக்கு, கண்டுபிடிச்சிட்டேன்" என்று அங்கே படம் வரைந்துகொண்டிருந்த ஒரு அம்மாளிடம் ஆங்கிலத்தில் விளக்கினான். அந்த அம்மாளுக்கு இருபது வருடமாக அது தெரியாதாம். சின்னவள் நாயைக் கண்டுபிடித்தாள். அதன் தலையில் தன் பிஸ்கட்டில் பாதியை வைத்துவிட்டு வந்தாள். விலங்குகளுக்கும் டிக்கெட் எடுத்துத் தொலைத்தேன், மீர்கேட்டை விட்டு நகரவே மாட்டேன் என்று விட்டாள்.

வாழையைக் காட்டினேன் செம்பருத்தி அக்கா. அம்மா இலையைத் தடவிப் பார்த்துவிட்டு "பாவம், குளிர்ல நிக்குது" என்றார்கள்.

கோபுரத்துக்குப் போனபோது ஆறு நிறைந்து நின்றது. அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் செருப்பைக் கழற்றி நடைபாதை ஓரம் வைத்தார்கள். நான் வேண்டாம், குளிரும் என்றேன். கேட்கவில்லை. சாக்ஸோடு வலப்புறமாகச் சுற்ற ஆரம்பித்தார்கள். மூன்று சுற்று. ஓடிவந்த ஒரு ஆள் செருப்பைப் பார்த்துவிட்டு, மிதிக்காமல் விலகிப் புல்லில் இறங்கி ஓடினார். நான் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போனேன், அப்படியே நானும் இரண்டு சுற்று சுற்றியிருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது.

பெரியவரிடம் திங்கட்கிழமை பேசினேன். அந்த 1972ஐப் பற்றி நானாகக் கேட்கவில்லை. பொய்ப்பாறை பற்றிச் சொன்னேன். "அது பொய்யா? அதன் மேல்தானே ஏறி உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவோம்" என்றார்.

டூட்டிங் வாசி

சாக்ஸ் நனைந்ததோ? அடுத்த தடவை ஒரு சோடி கூடக் கொண்டு போங்கோ. திரும்பும் வழியில் ஆல்பர்ட் பாலத்தில் ஏறிப் பாருங்கள். 1873இல் கட்டினது, ஆட்கள் நடந்தாலே ஆடும். 'படைவீரர்கள் ஒரே சீராக அடிவைத்து நடக்கக் கூடாது' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். மூத்தவனுக்கு அது ரோலர் கோஸ்டருக்குக் கிட்ட வரும்.